நேற்று எவ்வளவு காட்டியது?

போன இதழில் மோட்டார் அதிர்வைப் பற்றி ஏதோ இரண்டு பத்தி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. அதனால் ஏர்கான், ஸ்விட்ச் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

துவாஸ் வாசகர்: அண்ணே, ஊர் புதுக்கோட்டை. இங்கே சிங்கப்பூரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கிறேன். முதலாளி போன மாதம் அதிர்வு அளக்கும் மீட்டர் வாங்கித் தந்தார். கூலிங் டவர் பம்பின் 11 கிலோவாட் மோட்டாரில் வைத்தால் 4.2 காட்டுகிறது. 4.5 வரை பரவாயில்லை, ஓட்டு என்கிறார் சூப்பர்வைசர். எனக்கு மனசு ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

உங்கள் மனசு சொல்வதுதான் சரி தம்பி. ஆனால் சூப்பர்வைசர் அந்த 4.5-ஐ எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். மீட்டர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வண்ண அட்டையில்தான். ஐஎஸ்ஓ 10816 என்று தலைப்பில் போட்டிருக்கும். அதே வரிசையை இப்போது 20816 என்ற எண்ணில் புதுப்பித்து வருகிறார்கள்.

அந்த அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள். இயந்திரத்தின் அளவுக்கு ஏற்ப நான்கு பத்திகள் இருக்கும். 15 கிலோவாட் வரையுள்ள சின்ன மோட்டாருக்கு முதல் பத்தி, உங்களுடையது அதில்தான் வரும். வினாடிக்கு 0.71 மில்லிமீட்டர் வரை புதிய இயந்திரம் மாதிரி. 1.8 வரை கவலையில்லாமல் நீண்ட காலம் ஓடலாம். 1.8-லிருந்து 4.5 வரை, 'இப்போதைக்கு ஓடட்டும், ஆனால் சீக்கிரம் ஒரு நாள் பார்த்து நிறுத்திச் சரிசெய்' என்று அர்த்தம். 4.5-ஐத் தாண்டினால் இயந்திரம் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது. ஆக உங்கள் மோட்டார் கெட்ட கட்டத்தின் வாசற்படியில் நிற்கிறது. 4.5 வரை ஓட்டலாம் என்பதும் 4.5 வரை நல்லது என்பதும் ஒன்றல்ல.

4.2 என்றால் எவ்வளவு ஆட்டம் என்று ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடும் மோட்டார், ஆட்டம் முழுவதும் சுற்றுக்கு ஒரு தடவை வருவது என்று வைத்துக்கொண்டால், மோட்டார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகரும் தூரம் 0.08 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வினாடிக்கு 24 தடவை, இரவு பகலாக.

இனி நான் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: நேற்று எவ்வளவு காட்டியது? போன வாரம்?

நான் ஜூரோங்கில் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரே மாதிரி இரண்டு மோட்டார் இருந்தன. ஒன்று இரும்பு மேடைமேல் உட்கார்ந்திருந்தது. மேடையே கொஞ்சம் துள்ளும். அந்த மோட்டார் எப்போது அளந்தாலும் 3.8, 3.7, 3.9. ஆறு ஆண்டு அப்படியேதான் ஓடியது. இன்னொன்று கான்கிரீட் தரையில், 0.9 காட்டிய நல்ல பிள்ளை. ஒரு திங்கட்கிழமை 1.6. அடுத்த திங்கள் 1.7. அதற்கடுத்தது 2.3. அட்டைப்படி பார்த்தால் முதல் மோட்டார்தான் மோசம், இரண்டாவதற்கு அவசரமில்லை. நான் இரண்டாவதை நிறுத்தச் சொன்னேன். திட்டு வாங்கிக்கொண்டுதான் நிறுத்தினோம். பேரிங்கை (சுழலும் தண்டைத் தாங்கும் உருண்டை வளையம்) கழற்றினால் வெளிவளையத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உலோகம் உரிந்திருந்தது.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். கணினியில் என்றாலும் சரி. எங்கே வைத்து அளந்தீர்களோ அந்த இடத்தில் மோட்டார் உடம்பில் பெயின்டால் ஒரு பொட்டு வையுங்கள். அடுத்த தடவையும் அதே பொட்டில், அதே திசையில், பம்பு அதே சுமையில் ஓடும்போது அளக்க வேண்டும். வால்வு பாதி மூடியிருந்த நாளின் எண்ணையும் முழுக்கத் திறந்திருந்த நாளின் எண்ணையும் ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு பேரிங் பக்கமும் மூன்று திசை: படுக்கை, செங்குத்து, ஷாஃப்ட் (சுழலும் தண்டு) நீளவாக்கு.

கடைசித் திசையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் நிறையப் பேசும். நீளவாக்கில் அதிகமாக ஆடினால் முதலில் கப்ளிங் அலைன்மென்டை, அதாவது மோட்டார் ஷாஃப்டும் பம்பு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இணைந்திருக்கின்றனவா என்பதை, சந்தேகப்படுங்கள். படுக்கைவாக்கில் மட்டும் ஆடி, அது சுற்றுக்கு ஒரு தடவையாகவும் இருந்தால் பேலன்ஸ் போயிருக்கலாம். கூலிங் டவர் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும், இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) ஒரு பக்கம் படிந்தால் போதும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. மின்சாரத்தை அணைத்து, பூட்டுப் போட்டு, சீட்டும் தொங்கவிட்ட பிறகு, மோட்டார் காலில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வைக் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் கால் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அந்தக் கால் தரையில் சரியாக உட்காரவில்லை. அளந்து, அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். என் அனுபவத்தில் பாதி 'பேரிங் ப்ராப்ளம்' ஷிம்மிலேயே தீர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உங்கள் மீட்டர் காட்டும் மில்லிமீட்டர் கணக்கு பேலன்ஸ், அலைன்மென்ட், தளர்ந்த போல்ட் இவற்றுக்கு நல்லது. பேரிங் கெடுவதை அது தாமதமாகத்தான் காட்டும். முதல் கீறல் எழுப்பும் சத்தம் பல ஆயிரம் ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்குப் பல ஆயிரம் தடவை, இருக்கும். மீட்டரில் முடுக்கத்தை அளக்கும் 'ஜி' பொத்தான் இருந்தால் அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வாருங்கள். அதுதான் முதலில் ஏறும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மூன்று மாதம் முன்பு 'கிரீஸ் அடிக்க மறக்காதீர்கள்' என்று எழுதினீர்கள். நம்பி, வெளியே பிதுங்கும் வரை அடித்தேன். இப்போது மோட்டார் பேரிங் 95 டிகிரி சுடுகிறது. உங்களை என்ன சொல்வது?

சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அளவு எழுதாமல் விட்டது என் தப்புதான்.

பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் என்று வரும். உங்கள் மோட்டாரில் 6309 பேரிங் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 100 பெருக்கல் 25, ஆக 12.5 கிராம். அவ்வளவுதான். கிரீஸ் கன்னை ஓர் அழுத்து அழுத்தினால் எத்தனை கிராம் வருகிறது என்பது கன்னுக்குக் கன் மாறும். பத்து அழுத்து ஒரு தாளில் விட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். (வீட்டில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நான் கேட்காமல் செய்துவிட்டேன்.) அதிகமான கிரீஸை உருண்டைகள் கடைந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடுதான் உங்களுக்கு 95.

இப்போதைக்கு அடிப்பக்கத்து வடிகால் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் மிச்சம் வழிந்து சூடு இறங்கலாம். இறங்கவில்லை என்றால் திறந்துதான் பார்க்க வேண்டும். என்ன கிரீஸ் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. மோட்டார் பேரிங்கில் பாலியூரியா கிரீஸ் இருந்து, நீங்கள் லித்தியம் அடித்திருந்தால், இரண்டும் சேர்ந்து தண்ணீராக இளகிவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது கிரீஸ் இருந்தும் இல்லாத கணக்கு.

புக்கிட் தீமா வாசகர்: ஓர் அடுக்குமாடி வளாகத்தின் பராமரிப்பு எங்கள் பொறுப்பு. தண்ணீர் பம்பு இரண்டு. ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. ஐந்து மாதம் சும்மா இருந்த ஸ்டாண்ட்பையை ஓட்டினால் கடகடவென்று சத்தம். பேரிங் போய்விட்டது என்கிறார் ஒப்பந்தக்காரர். ஓடாத மோட்டாரில் பேரிங் எப்படிப் போகும்? ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றவில்லை. இந்தக் கேள்வியை 1990-களில் நானும் கேட்டு, பதில் சொன்னவரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன்.

இரண்டு பம்பும் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் இருக்கின்றன, இல்லையா? ஓடுகிற பம்பின் நடுக்கம் சட்டம் வழியாக ஓடாததற்கும் போகும். ஓடும் பேரிங்கில் உருண்டைகள் உருண்டுகொண்டே இருப்பதால் இடையில் கிரீஸ் படலம் புதுப்பித்துக்கொள்ளும். நின்ற பேரிங்கில் அதே உருண்டை அதே இடத்தில் நுணுக்கமாக நடுங்கிக்கொண்டே கிடக்கும். கிரீஸ் ஒதுங்கிவிடும், உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் உருண்டைக்கு உருண்டை ஒரு குழி விழும். ஓட்டினால் அந்தக் குழிகளின் மேல் ஏறி இறங்கித்தான் கடகட. அந்தக் காலத்தில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத காரின் சக்கர பேரிங்கும் இப்படித்தான் கெட்டுப்போனது.

ஆங்கிலத்தில் இதை 'ஃபால்ஸ் பிரினெல்லிங்' என்பார்கள். உலோகத்தில் உருண்டையை அழுத்திக் கடினத்தை அளக்கும் முறையைத் தந்த ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் பெயரில் வந்தது. பார்த்தால் அழுத்திய குழி மாதிரி இருக்கும், ஆனால் அழுத்தியதல்ல, தேய்ந்தது. அதனால்தான் முன்னால் அந்த 'ஃபால்ஸ்', பொய்.

ஒப்பந்தக்காரரிடம் கழற்றிய பேரிங்கை வாங்கி, வளையத்தை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். குழிக் கோடுகள் உருண்டைக்கு உருண்டை உள்ள இடைவெளி அளவில், சம தூரத்தில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. கோடுகள் நெருக்கமாக, துணி துவைக்கும் பலகை மாதிரி வளையம் முழுக்க இருந்தால் கதை வேறு. மோட்டாரை வேகம் மாற்றும் டிரைவ் வைத்து ஓட்டுகிறீர்களா? அதனால் ஷாஃப்டில் மின்சாரம் ஏறி, பேரிங் வழியாகப் பொறி பறந்து இறங்குகிறது. அதற்குப் புது பேரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. ஷாஃப்டுக்கு எர்த் பிரஷ் (மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது), அல்லது மின்காப்பு செய்த பேரிங் வேண்டும்.

முதல் கதையாக இருந்தால் மருந்து சுலபம். வாரம் ஒரு முறை பம்பை மாற்றி ஓட்டுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் அதற்கென்றே ஒரு வசதி பெரும்பாலும் இருக்கும், யாரோ 'நமக்கெதற்கு வம்பு' என்று அணைத்து வைத்திருப்பார்கள்.

பிடோக் வாசகி: எங்கள் புளோக்கின் கீழே கோப்பிக்கடை. நாங்கள் இரண்டாம் மாடி. சமையலறை ஃபேன்கள் ஓடும்போது 'ஊம்... ஊம்...' என்று ஏறி இறங்கும் சத்தம் சுவர் வழியே கேட்கிறது. ஏதாவது உடைந்து விழுமா?

அம்மா, ஏறி இறங்குவது மட்டும் பயப்படும் விஷயமல்ல. இரண்டு ஃபேன் கொஞ்சமே வித்தியாசமான வேகத்தில் ஓடினால் சத்தங்கள் ஒரு சமயம் சேரும், ஒரு சமயம் ஒன்றையொன்று தின்னும். வீணையைச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்தி கிட்டத்தட்ட ஒன்றாகும் சமயத்தில் அலையடிக்குமே, அதேதான். சத்தம் சுற்றுக்கு ஒரு தடவை வருவது என்று வைத்துக்கொண்டால், இரண்டு வினாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஃபேன்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு 30 சுற்று என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சத்தம் மெல்ல மெல்ல வந்ததா, அல்லது ஒரு நாள் திடீரென்று கூடியதா? சமையல் புகை ஃபேன் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக்கொண்டே போகும். எல்லா இறக்கையிலும் சமமாக இருக்கும் வரை ஃபேன் சும்மா ஓடும். ஒரு நாள் ஓர் இறக்கையில் மட்டும் ஒரு கட்டி பெயர்ந்து விழும், அன்றைக்கு ஆட ஆரம்பிக்கும். திடீரென்று என்றால் கடைக்காரரிடம் ஃபேனைக் கழுவச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் நகர மன்றத்துக்கு எழுதுங்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், அங் மோ கியோ: சார், கைபேசியில் அதிர்வு அளக்கும் செயலியை வைத்து பேரிங் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் என் இறுதியாண்டு ப்ராஜெக்ட். நடக்குமா?

கைபேசியோடு நின்றால் நடக்காது. ஏன் என்பதையே ப்ராஜெக்டில் ஓர் அத்தியாயமாக எழுதலாம், நல்ல மதிப்பெண் வரும்.

உங்கள் மோட்டாரில் 6205 பேரிங், 1,450 சுற்று. உருண்டை ஒன்பது. வெளிவளையத்தில் கீறல் இருந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அடி விழும்? எங்கள் காலத்துக் குறுக்குவழி: உருண்டை எண்ணிக்கையை 0.4-ஆல் பெருக்கு. 3.6. உள்வளையம் என்றால் 0.6, அதாவது 5.4. (சரியான கணக்கில் 3.58, 5.42 வரும். குறுக்குவழி அவ்வளவு மோசமில்லை.) வினாடிக்கு 24 சுற்று என்பதால் வெளிவளையக் கீறல் ஏறக்குறைய 87 ஹெர்ட்ஸில் தெரிய வேண்டும்.

கைபேசி வினாடிக்கு 100 தடவை அளக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் அதற்குக் கண். அதற்கு மேல் உள்ளது தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை, பொய்யாகத் தெரியும். 87 ஹெர்ட்ஸ் அடி உங்கள் திரையில் 13 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். மோட்டாரில் 13 ஹெர்ட்ஸில் எதுவுமே சுற்றவில்லையே என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். ஓடும் வண்டிச் சக்கரம் சினிமாவில் பின்னோக்கிச் சுற்றுவது மாதிரிதான் இது.

கொஞ்சம் செலவழித்து ஒரு முடுக்கமானிச் சில்லு வாங்குங்கள். ஏடிஎக்ஸ்எல்345 போன்றது வினாடிக்கு 3,200 தடவை அளக்கும். 1,600 ஹெர்ட்ஸ் வரை நம்பலாம். பேலன்ஸ், அலைன்மென்ட், முற்றிய பேரிங் கோளாறு எல்லாம் பிடிபடும். ஆரம்பக் கீறலுக்கு அதுவும் போதாது, அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அப்புறம், சென்சாரைக் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள், இரட்டை ஒட்டு டேப்பிலும் ஒட்டாதீர்கள். இரண்டும் மெத்தை மாதிரி மேல் அதிர்வெண்களை விழுங்கிவிடும். பெயின்டைச் சுரண்டி, பேரிங்குக்கு நேர் மேலே, பசை போட்டு ஒட்டுங்கள்.

திரையில் வரும் அதிர்வெண் வரைபடத்தில் 100 ஹெர்ட்ஸில் ஒரு கம்பம் உயரமாக நின்றால் உடனே பேரிங் என்று எழுதிவிட வேண்டாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு அது. ஸ்விட்ச்சை அணையுங்கள். மோட்டார் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பம் சட்டென்று மறைந்தால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது. வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கினால் இயந்திரம் சம்பந்தப்பட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் அப்பா இதையே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியைக் காதில் வைத்துச் செய்வார். எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை, நோட்டு வாய்த்தது.

தேக்கா உணவகக்காரர்: எங்கள் மாவு கிரைண்டர் மோட்டாரில் இரண்டு ஆண்டில் மூன்று பேரிங் மாற்றிவிட்டோம். எப்போதும் பெல்ட் பக்கம்தான். மோட்டாரே மட்டம், புதிது வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கவா? ஒரு நாள் வந்து பார்த்தால் தோசை தருகிறேன்.

எப்போதும் பெல்ட் பக்கம்தான் என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. மோட்டார் மட்டம் என்றால் இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் மோட்டார் நிரபராதி. லேசான ரீங்காரம் மிச்சம் இருக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் அது பிறவிக்குணம், விட்டுவிடுங்கள்.

பிறகு பெல்ட்டை மாட்டி, இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். இடைவெளி 40 சென்டிமீட்டர் என்றால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். மெக்கானிக் பெல்ட் வழுக்கக் கூடாது என்று வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த இழுப்பு முழுக்க அந்தப் பக்கத்துப் பேரிங் தலையில். இன்னொன்று, இரவில் கடை கழுவும்போது குழாயை நேராக மோட்டார்மேல் பீய்ச்சுகிறார்களா என்று பாருங்கள். 400, 500 வெள்ளி செலவழிக்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு போட்டுப் பார்க்கலாம்.

தோசைக்கு மறுப்பில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். மாவை மட்டும் வெள்ளிக்கிழமையே அரைத்து வைத்துவிடுங்கள், கிரைண்டரை ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டியிருக்கும்.